எந்தத் துறைம்மா?

சலவைக்கடையின் பக்கச் சுவரில் சிவப்புக் கோடு விழுந்தது ஒரு திங்கட்கிழமை காலையில். நகராட்சி ஆள் ஒருவர் டப்பாவும் பிரஷ்ஷுமாக வந்தார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார், இழுத்தார், போய்விட்டார். கடைக்குள் இருந்தவர்கள் கையிலிருந்த துணியை வைத்துவிட்டு வெளியே வருவதற்குள் பெயிண்ட் காய்ந்தே போயிருந்தது.

கோட்டுக்கு இந்தப் பக்கம் தெரு, அந்தப் பக்கம் கடை. அப்படிப் பங்கு போட்டுப் பார்த்தால், துணி வாங்கும் மேஜை தெருவுக்குப் போனது. இஸ்திரி மேஜைகள் போயின. சட்டைகள் வரிசையாகத் தொங்கும் கம்பி போனது. புதிதாக வாங்கிப் போட்ட கொதிகலனில் முக்கால்வாசி போனது. கடைக்கு மிஞ்சியது கொதிகலனின் புகைக்குழாயும் ஒரு காலண்டரும். மிச்ச இடத்தில் ஒரு கைக்குட்டையை விரித்து மடிக்கலாம். இரண்டாவது கைக்குட்டை வந்தால் பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் இடம் கேட்க வேண்டியதுதான்.

கடையை நடத்துகிறவளை ஊரே 'லாண்டரி அக்கா' என்றுதான் கூப்பிடும். அவள் கோட்டைத் தொட்டுப் பார்த்தாள், நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள். உலகத்தில் உள்ள அத்தனை கறையும் அவள் கைக்குப் பயந்து ஓடும். இது ஓடவில்லை. தெருவில் கேள்விப்பட்டதை உள்ளே போய்க் கணவரிடம் சொன்னாள். அவர் கொதிகலன் இரைச்சலிலேயே ஊறிக் காது மந்தமானவர்.

"தெருவை அறுபதடி ஆக்கறாங்களாம்! கடை போகப்போகுது!"

"சூடு பத்தலையா?" என்று கேட்டுவிட்டு அவர் இன்னொரு கட்டையை உள்ளே தள்ளினார்.

வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமியாருக்குக் காது மிகவும் கூர்மை. தெருக்கோடியில் யாராவது தன்னைப் பற்றி நினைத்தாலே அவளுக்குக் கேட்டுவிடும்.

"அறுபதாவது எழுபதாவது! இந்தத் தெரு நாப்பதடி. கெஜட்டுலயே போட்டாச்சு. ஊரெல்லாம் காய்ச்சல் வந்துச்சே, அந்த வருஷம் சுகாதாரக்காரங்க வந்து டேப்பு புடிச்சு அளந்துட்டுப் போனாங்க. நான்தான் அவங்களுக்குக் குடிக்கத் தண்ணி குடுத்தேன். அதுக்கப்புறம்தான் உங்க மாமனார் இந்தக் கடையையே கட்டினாரு."

"ஏம்மா, சுகாதாரக்காரங்க கொசுவை அளப்பாங்க. தெருவை எதுக்கும்மா அளக்கப்போறாங்க?" என்று சிரித்தான் அவளுடைய இளைய மகன்.

லாண்டரி அக்காவின் கொழுந்தனான இவனுக்கு ஊரில் 'வக்கீல்' என்று பெயர். கோர்ட்டு வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர் ஒருவரின் பேனாவுக்கு இரண்டு மாதம் மை ஊற்றிக் கொடுத்தவன் அவன். அந்த இரண்டு மாதத்தில் உலகச் சட்டங்கள் அனைத்தும் பேனா வழியாகத் தன் ரத்தத்தில் ஏறிவிட்டதாக அவனுக்கு நம்பிக்கை. ஐம்பது வயதைத் தாண்டியும் அது இறங்கவில்லை.

"அண்ணி, நீங்க கவலையே படாதீங்க. நான் இருக்கேன்ல!" என்றான்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு உண்மையிலேயே கவலை பிடித்தது.

நகராட்சியின் சாலைப் பிரிவு ஒரே ஒரு அறை. அந்த அறையில் அதிகாரி இருந்தார் என்பது ஒரு நம்பிக்கைதான். கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் மேஜை மேல் எழும்பி நின்ற கோப்பு மலை. மலைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும். வருகிறவர் உட்கார ஒரு குட்டை முக்காலி போட்டிருந்தார்கள். அதில் அப்படியே உட்கார்ந்தால் மலையடிவாரம்தான் தெரியும் என்பதால், அதன் மேல் பச்சைத் துணி போர்த்திய கனத்த பலகை ஒன்றை வைத்து உயரம் ஏற்றியிருந்தார்கள். லாண்டரி அக்கா உட்காரும்போதே கவனித்தாள்: பச்சைத் துணியில் குதிரை லாடம் போல ஒரு தேநீர்க் கறை. 'சோடாவைக் குழைச்சுப் பூசி ஒரு ராத்திரி விட்டா போயிடும்' என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. தொழில் புத்தி எங்கே போனாலும் கூடவே வந்து உட்காரும்.

"புது விதிப்படி எல்லாத் தெருவும் அறுபதடிம்மா," என்றது மலை. "முன்னாடியே கெஜட்டுல அகலம் போட்ட தெருவுக்கு மட்டும் விலக்கு உண்டு. உங்க தெருவுக்கு அப்படி இருந்தா கொண்டு வாங்க. வர்ற வியாழக்கிழமை விசாரணை. அன்னிக்கு இல்லைன்னா இடிக்கறதுதான்."

"அந்த கெஜட்டு உங்ககிட்ட இருக்காதுங்களா?"

"எங்ககிட்ட எதுக்கும்மா இருக்கணும்? நாங்க அமல்படுத்தறவங்க. படிக்கணும்னா நூலகம் இருக்கு. அரசாங்கம் அச்சடிச்சது எல்லாத்துலயும் ஒரு பிரதி அங்க இருந்தாகணும்னு சட்டமே இருக்கு. நூலகர் முத்திரை போட்ட நகல் கொண்டு வாங்க."

"பார்த்தீங்களா அண்ணி, சட்டம் இருக்கு," என்றான் வக்கீல், அந்தச் சட்டத்தைத் தானே இயற்றியவன் போல.

நூலகம் முகப்பில் அழகாகத்தான் இருந்தது. உள்ளே குழந்தைகள் பகுதியில் வண்ண நாற்காலிகள், அடுத்து கதைப் புத்தகங்கள், அடுத்து செய்தித்தாளை விரித்து முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிறவர்கள். அவர்களையெல்லாம் தாண்டி, கழிப்பறையையும் தாண்டி, துடைப்பங்கள் சாத்தி வைத்திருந்த நடையின் கோடியில் 'அரசு வெளியீடுகள்' என்று எழுதிய கதவு. அரசாங்கம் தன் மக்களுக்குச் சொல்ல நினைத்ததை எல்லாம் அங்கேதான் பத்திரமாக ஒளித்து வைத்திருந்தது.

காதில் பென்சில் செருகிய நூலகர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த அறைக்குள் ஆள் வந்ததே அவருக்கு ஆச்சரியம். கழிப்பறைக்கு வழி தெரியாமல் வந்துவிட்டார்கள் என்று நினைத்து, "முந்தின கதவு," என்றார்.

"இல்லைங்க, கெஜட்டு பார்க்கணும்."

அவர் முகம் மலர்ந்தது. பென்சிலைக் காதிலிருந்து உருவினார். "எந்தத் துறைம்மா?"

"துறையெல்லாம் தெரியாதுங்க. எங்க தெருவோட அகலம் எவ்வளவுன்னு போட்டிருக்காம். அது வேணும்."

"அது விஷயம். நான் கேட்டது துறை. இங்க எதையும் விஷயத்தை வெச்சு அடுக்கறதில்லை. யார் வெளியிட்டாங்களோ அவங்க பேர்லதான் அடுக்குவோம். துறையைச் சொன்னீங்கன்னா ஒரு நிமிஷத்துல எடுத்துக் குடுத்துடுவேன்."

லாண்டரி அக்கா தன் கடையை நினைத்துப் பார்த்தாள். வெள்ளைச் சட்டையை வாங்க வந்தவரிடம், 'அதைத் துவைச்சது யாருன்னு சொல்லுங்க, எடுத்துத் தரேன்' என்று அவள் ஒரு நாள் சொன்னால் போதும், மறுநாள் கடையில் ஈ ஓட்டக்கூட ஆள் இருக்காது.

"நெடுஞ்சாலைத் துறை!" என்று முழங்கினான் வக்கீல். "தெருன்னா சாலை. சாலைன்னா நெடுஞ்சாலை. இதுகூடத் தெரியாதா?"

நூலகர் அட்டை இழுப்பறைகளைக் காட்டினார். அவற்றில் ஆயிரம் அட்டைகள் இருக்கும், இல்லை, பத்தாயிரம். வக்கீல் பிற்பாடு வீட்டில் சொன்னபோது அது ஒரு லட்சத்தைத் தொட்டது. 'நெடுஞ்சாலைத் துறை' என்ற அட்டையை எடுத்தார்கள். அதில் 'பார்க்க: பொதுப்பணித் துறை' என்றிருந்தது. பொதுப்பணித் துறையின் அட்டையில் 'பார்க்க: கட்டுமானம் மற்றும் கால்வாய்கள் துறை' என்றிருந்தது. கட்டுமானம் மற்றும் கால்வாய்களை மூச்சு வாங்கத் தேடிப் பிடித்தால், அது அமைதியாக, 'பார்க்க: நெடுஞ்சாலைத் துறை' என்றது.

"என்னங்க இது, சுத்திச் சுத்தி அங்கேயே வருது?"

"என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?" என்றார் நூலகர். அவருடைய சலிப்புக்கும் ஒரு வாழ்நாள் வயதிருந்தது. "ஆட்சி மாறினா துறைக்குப் பேர் மாறுது. பேர் மாறினா புத்தகத்துக்கு அலமாரி மாறுது. பழசு பழைய பேர்ல அங்க கிடக்கும், புதுசு புதுப் பேர்ல இங்க. ஒரு தடவை கல்வியும் மீனும் ஒரே துறையா இருந்துச்சு. அந்த வருஷத்துப் பரீட்சை முடிவெல்லாம் இன்னிக்கும் மீன் பக்கம்தான் இருக்கு."

அட்டையை விட்டுவிட்டு வருடாந்தரப் பொருளடக்கத்தில் தேடச் சொன்னார். அதுவும் துறைவாரியாகத்தான் இருந்தது. நெடுஞ்சாலை, பொதுப்பணி, கட்டுமானம் என்று மூன்றின் கீழும் அவள் விரலை வைத்துத் தேடினாள். காய்ச்சல் வந்த வருஷம் எது என்று மாமியார் திட்டமாகச் சொல்லவில்லை. 'உன் புருஷன் அப்பத்தான் தவழ ஆரம்பிச்சான்' என்றுதான் சொல்லியிருந்தாள். அதனால் முன்னும் பின்னுமாகப் பல வருஷங்களைப் புரட்ட வேண்டியிருந்தது. 'தெரு' என்ற சொல் ஓரிடத்தில் அகப்பட்டது. ஆவலோடு பக்கத்தைத் திருப்பினால், தெருநாய்கள். புரட்டிய தூசிக்கு அவள் போட்ட தும்மலில் செய்தித்தாள் பகுதியில் இரண்டு பேர் விழித்துக்கொண்டார்கள்.

வக்கீலோ ஒரு மூலையில் உட்கார்ந்து உலகத்தை மறந்து படித்துக்கொண்டிருந்தான்.

"கெடைச்சுதா தம்பி?"

"அண்ணி, இதைக் கேளுங்களேன். வளர்ப்பு வாத்துகளின் நடமாட்டம் பற்றிய இடைக்கால அறிக்கை. கடைசிப் பக்கத்துல போட்டிருக்கான் பாருங்க: 'வாத்துகள் அளித்த ஒத்துழைப்புக்குக் குழு நன்றி தெரிவிக்கிறது.'"

"என் கடை போகுது, நீ வாத்து மேய்க்கிறியா?"

"இல்லை அண்ணி, இறுதி அறிக்கையில என்ன ஆச்சுன்னு தெரியணும்ல?" என்று அவன் நூலகரிடமே கேட்டான்.

"இறுதி அறிக்கை வரலை," என்றார் நூலகர். "வாத்து தண்ணீர்த் துறையா, கால்நடைத் துறையான்னு தகராறு. குழுவே கலைஞ்சு போச்சு."

வக்கீல் அன்று வேறொன்றையும் படித்தான். சுவரில் மாட்டியிருந்த நூலக விதிகளை முதலிலிருந்து கடைசிவரை, கோர்ட்டில் வாதாடுகிற குரலில் படித்தான். 'எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டக் கூடாது. குடையுடன் உள்ளே வரக் கூடாது. அரசு அலுவலகங்கள் தவிர மற்றவர்க்கு இரவல் இல்லை. இரவல் பெற்ற நூலை எவர் வேண்டுமானாலும் திருப்பி ஒப்படைக்கலாம்.' நிறுத்துகிற வரைக்கும் லாண்டரி அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

நூலகம் மூடுகிற மணி அடித்தது. கையில் தூசியைத் தவிர வேறெதுவும் இல்லாமல் வீடு திரும்பினார்கள்.

"கெஜட்டு கெடைச்சுதா?" என்றாள் மாமியார் வாசற்படியிலிருந்து.

"இல்லைங்க அத்தை. எந்தத் துறைன்னு தெரியாம எதுவும் எடுக்க முடியாதாம்."

"அதான் அன்னிக்கே சொன்னேனே, சுகாதாரம்னு!"

"அம்மா, திரும்பவும் ஆரம்பிக்காத," என்றான் வக்கீல்.

"நீ சும்மா கெட. பேனாவுக்கு மை ஊத்தினவன்தானே நீ! ஏம்மா மருமகளே, அவங்க தெருவுல கோடு போட்டது எதுல தெரியுமா? பிளீச்சிங் பவுடர்ல. சுண்ணாம்புகூட இல்லை, சுத்தமான பிளீச்சிங் பவுடர். சுகாதாரக்காரங்கிட்டதானே அது மூட்டை மூட்டையா இருக்கும்? அவங்க அந்தப் பக்கம் திரும்பினதும் உங்க மாமனார் முறத்தை எடுத்துட்டுப் போய்க் கோட்டை மொத்தமா வாரி எடுத்துட்டு வந்தாரு. ஒரு மாசத்துக்கு இந்த ஊர்ச் சட்டை எல்லாம் பார்க்கவே கண்ணு கூசுச்சு."

லாண்டரி அக்கா இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தாள். பிளீச்சிங் பவுடர் என்ற சொல் காதில் விழுந்த பிறகுதான் மாமியார் சொன்னது மண்டையில் ஏறியது. அதை முதல் நாளே ஏற்றிக்கொள்ளாத தன் மண்டையைக் கொதிகலனில் போட்டு அவிக்கலாம் போலிருந்தது.

மறுநாள் நூலகம் திறக்கும்போதே கொழுந்தனோடு வாசலில் நின்றாள். நூலகர் பென்சிலை உருவி, "எந்தத் துறை..." என்று ஆரம்பிப்பதற்குள், "சுகாதாரம்!" என்றாள்.

"அட, சுகாதாரமா! இதை நேத்தே சொல்லக் கூடாதாம்மா? காய்ச்சல் வந்த வருஷம் தெருவுக்குத் தெரு காத்தும் வெளிச்சமும் வரணும், சாக்கடை ஓடணும்னு, அகலத்தை எல்லாம் சுகாதாரத் துறைதானே நிர்ணயிச்சுது? இந்தப் பிரிவுல இருக்கறவங்களுக்கு அது நல்லாத் தெரியுமே!"

"இந்தப் பிரிவுல நீங்க ஒருத்தர்தானே இருக்கீங்க?"

"ஆமா. எனக்கு நல்லாத் தெரியும்."

நேற்று முழுக்கத் தெருவின் அகலம் என்று அவரிடம் அவள் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! அவளுக்கு அழுவதா, கத்துவதா, அட்டை இழுப்பறையைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிவதா என்று தெரியவில்லை. மூன்றையும் ஒத்திப் போட்டாள். பொருளடக்கத்தில் சுகாதாரத் துறையின் கீழே, எலி ஒழிப்புக்கும் குழாய் மூடிகளுக்கும் நடுவில், 'தெருக்களின் அகலங்கள், துணை இதழ்' என்று பளிச்சென்று இருந்தது. பக்க எண்ணும் இருந்தது. அவள் அந்த வரியைக் கட்டிக்கொள்ளாத குறைதான்.

நூலகர் ஏணியில் ஏறினார். ஏறியவர் அசையாமல் நின்றார்.

"என்னங்க?"

அவர் இறங்கி வந்து கையிலிருந்ததைக் காட்டினார். புத்தகம் அல்ல, புத்தகம் அளவுக்கு ஒரு மரக்கட்டை. இரவல் போன புத்தகத்தின் இடத்தில் வைக்கிற கட்டை அது. அதில் ஒட்டியிருந்த சீட்டில் மங்கலான எழுத்து: 'அலுவலக இரவல். நகராட்சி, சாலைப் பிரிவு.'

"எப்ப போச்சு?"

"நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி. அலுவலக இரவலுக்குத் தவணைக் காலம் கிடையாதும்மா. அவங்களா குடுத்தாத்தான் உண்டு."

"எங்ககிட்ட இல்லைன்னுதானே அந்த ஆளு சொன்னாரு!"

"அடையாளம் சொல்றேன், போய்க் கேட்டுப் பாருங்க. அந்த வருஷத்துத் துணை இதழ் எல்லாம் சேர்த்துக் கட்டின புத்தகம். தலையணை கனம் இருக்கும். பச்சைத் துணி பைண்டிங்."

பச்சைத் துணி. அவளுக்கு முதலில் நினைவு வந்தது கறைதான். குதிரை லாடம் போல ஒரு தேநீர்க் கறை. சோடாவைக் குழைத்துப் பூசி ஒரு ராத்திரி விட்டால் போய்விடும்.

"ஐயோ!" என்று தலையில் கை வைத்தாள். "தம்பி, அது மேலதான் நான் உட்கார்ந்திருந்தேன்!"

சாலைப் பிரிவுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது முக்காலியில் ஏற்கனவே ஒருவர் இருந்தார். தண்ணீர் லாரி முதலாளி. அவரே ஒரு லாரி மாதிரிதான் இருந்தார். முக்காலியும் தெரியவில்லை, பச்சையும் தெரியவில்லை. ஆள் காற்றில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது. மலையோடு பேசிக்கொண்டிருந்தார்.

"ஐயா, கொஞ்சம் எந்திரிங்க," என்றாள் லாண்டரி அக்கா.

"என் முறைம்மா இது. வரிசையில வாங்க."

"உங்க முறை உங்களுக்கே. நின்னுக்கிட்டே பேசுங்க. உங்களுக்குக் கீழ என் கடை இருக்கு."

லாரி முதலாளி பயந்து எழுந்தார். அவள் பச்சைப் பலகையைத் தூக்கி நிமிர்த்தினாள். முதுகில், பொன்னெழுத்து பாதி உதிர்ந்து, 'அரசிதழ், துணை இதழ்கள்' என்றிருந்தது.

கோப்பு மலைக்கு மேலே இரண்டு கண்கள் உதித்தன. அதிகாரிக்கு முகம் இருந்தது என்பது அன்றுதான் உறுதியானது.

"அதைத் தொடாதீங்கம்மா! அது நூலகத்துச் சொத்து."

"நூலகத்துச் சொத்து மேலதான் ஊரையே உட்கார வெச்சிருக்கீங்க! கெஜட்டு கொண்டு வா, கெஜட்டு கொண்டு வான்னு, கெஜட்டு மேலயே உட்கார வெச்சு சொன்னீங்களே!"

"எங்களுக்கு அது உயரத்துக்குத்தான் தெரியும். உள்ள என்ன இருக்குன்னு நாங்க எதுக்குப் பார்க்கப்போறோம்?"

"சரி, இப்பப் பாருங்க. என் தெரு இதுல இருக்கு."

"நான் பார்த்தா செல்லாது. நூலகர் முத்திரை போட்ட நகல் வேணும்."

"அப்ப என்கிட்ட குடுங்க, அவர்கிட்ட கொண்டு போறேன்."

"வெளியாளுக்குக் குடுக்க விதி இல்லை."

"அப்ப நீங்களே அனுப்புங்க."

"அதுக்கு ஒரு கோப்பு போடணும். வியாழக்கிழமைக்குள்ள ஆகாது."

லாண்டரி அக்காவின் காதில் கொதிகலன் ஊதியது. இத்தனை ஆண்டுகளில் கஞ்சி விறைத்த சட்டைகளைப் பார்த்திருக்கிறாள். இப்படி விறைத்த மனிதரைப் பார்த்ததில்லை. அவள் வாயைத் திறக்கும் முன் வக்கீல் தொண்டையைக் கனைத்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வாத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறான் என்று நினைத்தாள்.

"ஐயா, இரவல் குடுக்கத்தானே விதி இல்லை? திருப்பி ஒப்படைக்க விதி இருக்கு. 'இரவல் பெற்ற நூலை எவர் வேண்டுமானாலும் திருப்பி ஒப்படைக்கலாம்.' சுவத்துல மாட்டியிருக்கு. நாங்க இதை வாங்கிட்டுப் போகலை. உங்களுக்காகத் திருப்பிக் குடுக்கப் போறோம்."

இரண்டு கண்களும் கொஞ்ச நேரம் இமைத்தன. விதி என்ற சொல்லைக் கேட்டதும் அவை இளகின. "விதி இருந்தா... சரி," என்றது மலை, மறுபடியும் கண்கள் மறைய.

பேனா வழியாகச் சட்டம் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது! லாண்டரி அக்கா வாழ்க்கையில் முதல் தடவையாகக் கொழுந்தனை மரியாதையோடு பார்த்தாள். அவன் புத்தகத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தான். போகிற வழியெல்லாம் எதிர்ப்பட்டவர்களுக்கு அந்த விதியை ஒப்பித்தான். நூலக வாசல் வருவதற்குள் அந்த மரியாதை பாதி தேய்ந்துவிட்டது.

நூலகர் புத்தகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ஓடிப்போன பிள்ளை வீடு திரும்பியது போல இரண்டு கையாலும் வாங்கினார், துடைத்தார், தடவினார். மரக்கட்டையை அலமாரியிலிருந்து எடுத்தார். அப்புறம் புத்தகத்தின் முதுகைத் தடவிப் பார்த்து முகம் சுருங்கினார்.

"முதுகு உடைஞ்சிருக்கேம்மா. சேதமான புத்தகத்தை அப்படியே நகல் எடுக்க விதி இல்லை. பைண்டிங்குக்கு அனுப்பி வந்த பிறகுதான்."

"எப்ப வரும்?"

"இதுவரைக்கும் போனது எதுவும் வரலை. அதனால சொல்லத் தெரியலை."

அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க மூடி வைத்திருந்த ஆவி ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"ஏங்க, நீங்கள்லாம் மனுஷங்கதானா? துறையைச் சொல்லுன்னீங்க, சொன்னேன். அங்க இருக்குன்னீங்க, போனேன். ஒரு லாரியைத் தூக்கி நிறுத்திட்டு எடுத்துட்டு வந்திருக்கேன்! எங்க கடைக்கு ரத்தக்கறை வருது, தார்க்கறை வருது, கல்யாணக் கோட்டு மேல யாரோ வாந்தி எடுத்தது வருது. எதையாவது 'விதி இல்லை'ன்னு நான் திருப்பி அனுப்பியிருக்கேனா? நாளைக்கு வியாழக்கிழமை. இந்த ஒரு பக்கத்துக்கு நகல் வரலைன்னா கடையே இல்லை. கொதிகலனைக் கொண்டாந்து உங்க வாத்து அலமாரிக்குப் பக்கத்துல வெச்சு நடத்தவா?"

செய்தித்தாள் பகுதியில் தூங்கிய அத்தனை பேரும் எழுந்து கதவருகே வந்துவிட்டார்கள். நூலகர் அவர்களைப் பார்த்தார். அவர் பிரிவுக்கு இவ்வளவு கூட்டம் வந்ததே இல்லை. பென்சிலால் கன்னத்தைச் சொறிந்துகொண்டு யோசித்தார்.

"பைண்டிங்குக்கு அனுப்பணும்னா," என்றார் மெதுவாக, "முதல்ல சேதப் பரிசோதனை செய்யணும். பரிசோதனைக்கு எந்தப் பக்கத்தை வேணும்னாலும் ரெண்டு நகல் எடுக்கலாம். ஒண்ணு எனக்கு. இன்னொண்ணை என்ன பண்ணணும்னு விதியில சொல்லலை."

அவர் பக்கத்தைத் திறந்தார். ஊரிலுள்ள அத்தனை பேரும் உட்கார்ந்து உட்கார்ந்து அழுத்தியதில், தாள் ஒரு மடிப்பு, ஒரு சுருக்கம் இல்லாமல் கிடந்தது. தன் கடையில்கூட இவ்வளவு நன்றாக இஸ்திரி போட்டதில்லை என்று லாண்டரி அக்காவுக்குத் தோன்றியது. நீளமான பட்டியல், எல்லாத் தெருக்களும். நடுவில் அவளுடைய தெரு: எதிர்ச் சுவரிலிருந்து நாற்பதடி.

வியாழக்கிழமை விசாரணையில் அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். புத்தகம் இல்லாததால் அடிவாரத்தில் அமிழ்ந்துபோனாள்.

"வந்துட்டாங்களா அவங்க?" என்றது மலை.

"இங்கதான் இருக்கேன்!" என்று கையைத் தூக்கி நகலை ஆட்டினாள்.

நகலை வாங்கிய அதிகாரி முத்திரையைப் பார்த்தார், பின்பக்கம் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எல்லாம் சரிதான், ஆனால் மூலத்தோடு ஒப்பிட வேண்டும் என்றார். மூலத்தைக் கொண்டுவர அலுவலக இரவல் சீட்டோடு பியூன் நூலகத்துக்குப் போனார். அந்த நேரத்தில் டேப்போடு இன்னொருவர், வழிகாட்ட வக்கீலோடு, தெருவை அளக்கப் போனார். லாண்டரி அக்காவுக்குக் கோபப்படக்கூடத் தெம்பு இல்லை. அடிவாரத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானத்துக்கு மேல் முதலில் வந்தவன் வக்கீல். முகத்தில் பாதிச் சிரிப்பு.

"அண்ணி, கடை தப்பிச்சுது. நாப்பதடிக் கோட்டுக்கு உள்ளதான் இருக்கு. ஆனா வாசற்படி ஒரு சாண் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. படியை உடைக்கணும்."

"படியா? மாமா அளந்துதானே கட்டினாரு?"

"எதை வெச்சு அளப்பாரு? கோட்டைத்தான் முறத்துல வாரிக்கிட்டுப் போயிட்டாரே! எங்க இருந்துச்சுன்னு தெரியாம, குத்துமதிப்பாக் கட்டியிருக்காரு. அம்மா படியை விட்டு எந்திரிக்க மாட்டேன்னுட்டாங்க. அவங்க காலுக்கு நடுவுல டேப்பை விட்டுத்தான் அளந்தோம். 'வெளுக்கத் தெரிஞ்ச மனுஷன், அளக்கத் தெரியலையே'ன்னு இன்னும் திட்டிக்கிட்டு இருக்காங்க. அண்ணன்கிட்ட சொன்னேன். 'சூடு போதும்'னாரு."

பியூன் பச்சைப் புத்தகத்தோடு வந்தார். அதிகாரி நகலையும் மூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டார். கையெழுத்துப் போட்டார். சிவப்புக் கோட்டை அழித்துவிடலாம், அழிக்கிற செலவு மட்டும் கடைக்காரருடையது என்றார். சண்டை போட அவள் எழுந்து நின்றாள். அப்புறம் யோசித்தாள்: கறை எடுக்கத் தெரிந்தவள் நாமே இருக்கும்போது செலவு எங்கிருந்து வரும்? வாயை மூடிக்கொண்டாள்.

அவள் எழுந்த இடம் காலியாகக் கிடந்தது. பியூன் கையிலிருந்த கனத்தை எங்கே வைப்பது என்று அரைக்கணம் பார்த்தார். பழக்கமான கை பழக்கமான இடத்துக்குப் போனது. பச்சைப் புத்தகம் முக்காலி மேல் ஏறியது.

"அடுத்தது யாரு?" என்றது மலை.

பக்கத்துத் தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர் உள்ளே வந்து, பவ்யமாக அதன் மேல் உட்கார்ந்தார். அவருடைய சுவரிலும் சிவப்புக் கோடு விழுந்திருந்தது. அவருடைய தெருவும் அதே பக்கத்தில், அவள் தெருவுக்குக் கீழே மூன்றாவது வரியில் இருந்ததை அவள் பார்த்திருந்தாள்.

"கெஜட்டுல இருந்தா கொண்டு வாங்க," என்று மலை அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. "நூலகத்துல கேட்டுப் பாருங்க. அரசாங்கம் அச்சடிச்சது எல்லாத்துலயும் ஒரு பிரதி..."

லாண்டரி அக்கா கதவுவரை போனவள் திரும்பி வந்து, அவர் காதருகே குனிந்தாள்.

"அண்ணே, நூலகத்துக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி, ஒரு தடவை எந்திரிச்சுக் கீழ பாருங்க."